நெட் ஸ்லோ என்றால் எந்தப் பக்கம் ஸ்லோ?

வேளச்சேரி வாசகர் ஒருவரின் கேள்வி: “100 எம்.பி. பிளானுக்கு மாதாமாதம் பணம் கட்டுகிறேன். பெரிய ஃபைல் ஏதாவது டவுன்லோடு போட்டால் 11, மிஞ்சிப்போனால் 12. அதற்கு மேல் ஏறுவதே இல்லை. எட்டில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டு முழுப் பணத்தையும் வாங்கிக்கொள்கிறார்கள். கேட்டால் ‘லைன் நல்லாத்தான் இருக்கு சார்’ என்கிறார்கள். இது பகல் கொள்ளை இல்லையா?”

செப்டம்பர் 14, 2024, இரவு

இல்லை சார், உங்களுக்கு வர வேண்டியது முழுசாக வந்துகொண்டிருக்கிறது. எட்டில் ஒரு பங்கு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், விடை அந்த எட்டில்தான் இருக்கிறது. லைனின் வேகத்தை பிட்டில் சொல்வார்கள், ஃபைலின் அளவை பைட்டில் சொல்வார்கள். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். பிளானில் இருக்கும் 100 என்பது நொடிக்கு 100 மெகாபிட். எட்டால் வகுத்தால் 12.5 மெகாபைட். தகவல் துண்டு துண்டாகத்தான் வருகிறது, ஒவ்வொரு துண்டோடும் எங்கிருந்து எங்கே போகிறது என்கிற விவரமும் ஒட்டிக்கொண்டு வருவதால் அதில் கொஞ்சம் கழிந்துபோகும். கையில் நிற்பது 11லிருந்து 12. நீங்கள் பார்ப்பதும் அதுதான்.

விற்கிறவர்கள் இரண்டையும் “எம்.பி.” என்றே சொல்லிவிட்டுப் போவது எனக்கும் பிடிக்கவில்லை. வேகத்துக்கு மெகாபிட், அளவுக்கு மெகாபைட் என்று முழுசாகச் சொன்னால் பாதிச் சண்டை வராது. இந்தத் தொடர் பதிவில் நான் அப்படியே எழுதுகிறேன்.

செப்டம்பர் 15, காலை

இதைச் சேர்க்க வேண்டும். மாதத்துக்கு எவ்வளவு டேட்டா என்கிற வரம்பு பைட்டில் வரும். 100 மெகாபிட் லைன் ஒரு மணி நேரம் நிறுத்தாமல் முழு வேகத்தில் ஓடினால் 45 ஜி.பி. இறங்கும். “அன்லிமிடெட்” என்று எழுதிவிட்டு அடியில் பொடி எழுத்தில் 3.3 டி.பி., அதாவது 3300 ஜி.பி. என்று வரம்பு போட்டிருக்கிற பிளான்கள் உண்டு; அந்தக் கணக்கில் அது 73 மணி நேர முழு ஓட்டம். சாதாரணக் குடும்பம் இதைத் தொடாது. ஆனால் மொட்டை மாடியிலிருந்து வாசல் வரை கேமரா வைத்து எல்லாவற்றையும் இருபத்து நான்கு மணி நேரமும் கிளவுடுக்கு அனுப்புகிறவர்கள் மாதக் கடைசியில் மாட்டிக்கொள்கிறார்கள். வரம்பு முடிந்ததும் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள், லைன் அறுந்துவிட்ட மாதிரி இருக்கும். புகார் கொடுப்பதற்கு முன் கணக்கைத் திறந்து எவ்வளவு செலவாகியிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

செப்டம்பர் 15, இரவு

“என் வீட்டில் 100 பிளானில் 30தான் காட்டுகிறது, அதுவும் பிட் கணக்கில்தான், நானும் பார்த்தேன்” என்று மூன்று பேர் எழுதிவிட்டீர்கள். சரி, எங்கே உட்கார்ந்து பார்த்தீர்கள்?

நெட் ஸ்லோ என்பது ஒரே புகார் கிடையாது. நெட் கம்பெனியிலிருந்து, ரூட்டர் என்கிறோமே, அந்த வீட்டுப் பெட்டி வரை ஒரு வழி. பெட்டியிலிருந்து உங்கள் போன் வரை இன்னொரு வழி. கம்பெனியைத் தாண்டி, நீங்கள் திறக்கும் தளம் இருக்கிற கம்ப்யூட்டர் வரை மூன்றாவது வழி. மூன்றும் தனித்தனியாகக் கெடும். ஒன்றுக்கான மருந்து இன்னொன்றுக்கு வேலை செய்யாது. படுக்கையறையில் வைஃபை எட்டவில்லை என்பதற்காக 100லிருந்து 300க்கு பிளானை ஏற்றிக்கொண்ட குடும்பங்களை எங்கள் மேற்கு மாம்பலம் தெருவிலேயே காட்ட முடியும். மாதம் சில நூறு ரூபாய் கூடுதலாகப் போகிறது, படுக்கையறையில் அதே 30. இது எனக்கு மனசு ஆறாத விஷயம், அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

முதலில் ஒரு லேன் கேபிளை எடுத்துப் பெட்டியையும் லேப்டாப்பையும் நேரடியாகச் சேருங்கள், வைஃபையை அணைத்துவிட்டு ஸ்பீடு டெஸ்ட் போடுங்கள். அங்கே 95 வந்தால் கம்பெனி மேல் குற்றமில்லை, சிக்கல் வீட்டுக்குள் இருக்கிறது. அங்கேயும் 30 வந்தால் போனை எடுத்துச் சண்டை போடலாம், உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

செப்டம்பர் 17

போரூரிலிருந்து: “200 பிளான். கேபிளில்தான் பார்த்தேன். காலை, மதியம், ராத்திரி எப்போது போட்டாலும் 94. ஒரு தடவைகூட 95ஐத் தாண்டவில்லை.”

இது அருமையான கேள்வி. லைன் மோசமாக இருந்தால் எண் ஆடும்: ஒருமுறை 140, இன்னொரு முறை 60. 94லேயே ஆணி அடித்த மாதிரி நிற்கிறது என்றால் அது லைன் இல்லை. உங்கள் பெட்டியும் லேப்டாப்பும் தங்களுக்குள் 100 மெகாபிட் என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டிருக்கின்றன.

கேபிளைச் செருகியதும் இரண்டு முனைகளும் உன்னால் எவ்வளவு முடியும், என்னால் எவ்வளவு முடியும் என்று பேசி ஒரு வேகத்தை முடிவு செய்யும். இப்போது புழக்கத்தில் இருப்பது பெரும்பாலும் 100 அல்லது 1000. லேன் கேபிளுக்குள் எட்டு ஒயர், நான்கு ஜோடி. 100க்கு ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் போதும். 1000க்கு நீலமும் பிரவுனும் சேர்ந்து நான்கும் வேண்டும். ஒரு பிரவுன் ஒயர் விட்டுப்போனாலும் பல பெட்டிகள் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். விளக்கு எரியும், நெட் வரும், யாருக்கும் சந்தேகமே வராது.

அசோக் நகரில் தெரிந்தவர் வீட்டில் இதே கதை. கேபிள் ஹாலிலிருந்து கதவுக்கு அடியில் நுழைந்து உள் அறைக்குப் போகிறது. கதவு மூடுகிற இடத்தில் உறை தட்டையாகி நசுங்கியிருந்தது, வெளியே பார்த்தால் அவ்வளவுதான். முனையில் இருந்த பிளாஸ்டிக் ஜாக்கை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது ஏழு ஒயர் நுனி வரைக்கும் வந்து செம்புத் தகட்டுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறது, எட்டாவதாக இருந்த பிரவுன் மட்டும் அரிசி அளவு பின்னால் நின்றுவிட்டது. நசுங்கின இடம் காரணமே இல்லை. ஒயர் முனையில் ஜாக்கை அழுத்திப் பொருத்தியவர் அவசரத்தில் விட்டது. முனையை வெட்டிப் புது ஜாக் போட்டதும் 200 முழுசாக வந்தது.

விண்டோஸில் செட்டிங்ஸுக்குள் ஈதர்நெட் பக்கத்தில் லிங்க் ஸ்பீடு என்று ஒரு வரி இருக்கும். 100/100 என்றிருந்தால் கேபிளையோ அதைச் செருகுகிற ஓட்டையான போர்ட்டையோ சந்தேகப்படுங்கள், 1000/1000 என்றிருந்தால் இரண்டும் நன்றாக இருக்கின்றன.

செப்டம்பர் 17, கொஞ்ச நேரம் கழித்து

போர்ட்டைச் சொல்ல விட்டுப்போகக் கூடாது. விலை குறைந்த பெட்டிகளில் நான்கு லேன் ஓட்டை இருந்தாலும் ஒன்று மட்டும் 1000, மீதி மூன்றும் 100 என்று கொடுத்திருப்பார்கள். முதுகில் ஜி.இ. என்று எழுதியிருப்பது 1000, எஃப்.இ. என்பது 100. கேபிளை மாற்றுவதற்கு முன் ஓட்டையை மாற்றிப் பாருங்கள், காசு செலவில்லை. டிவிகளில் இன்றைக்கும் பெரும்பாலும் 100 போர்ட்தான் வைக்கிறார்கள். அதில் 94 வருவது கோளாறு இல்லை. 4கே படத்துக்கே 15லிருந்து 25 மெகாபிட் இருந்தால் தாராளம்.

செப்டம்பர் 21

பெரம்பூர் அம்மா ஒருவர் கேட்டிருக்கிறார்: “ஒருத்தர் மோடம் என்கிறார், ஒருத்தர் ரூட்டர் என்கிறார், கம்பெனிப் பையன் ஓ.என்.டி. என்கிறான். என் வீட்டில் இருப்பது ஒரே ஒரு வெள்ளைப் பெட்டி. அது எது?”

எல்லாமும்தான் அம்மா. ஃபைபர் என்கிற கண்ணாடி இழையில் வருகிற ஒளியை மின் சிக்னலாக மாற்றுகிற வேலையைச் செய்கிற பகுதிக்கு ஓ.என்.டி. என்று பெயர். வீட்டில் உள்ள போன், டிவி, லேப்டாப் எல்லாவற்றையும் ஒரே இணைப்பில் வெளியே அனுப்பி, திரும்பி வருவதை அதனதனிடம் சேர்ப்பது ரூட்டர். பின்னால் இருக்கிற நான்கு ஓட்டைகளும், கேபிளில் செருகியவற்றை ஒன்றோடொன்று சேர்க்கிற ஸ்விட்ச். வைஃபை அலையை விடுகிற பகுதி ஆக்சஸ் பாயிண்ட். நான்கையும் ஒரே பெட்டிக்குள் வைத்துக் கொடுத்துவிட்டார்கள். மோடம் என்பது பழைய டெலிபோன் லைன் காலத்துப் பெயர், பழக்கத்தில் நிற்கிறது. நீங்கள் எந்தப் பெயரைச் சொன்னாலும் டெக்னீஷியனுக்குப் புரியும். ஆனால் அவர் “ரூட்டர் போயிடுச்சும்மா, புதுசு வாங்குங்க” என்றால் இந்த நான்கில் எது போனது என்று கேளுங்கள். வைஃபை பகுதி மட்டும் பலவீனமாக இருந்தால் பெட்டியைத் தூக்கிப் போட வேண்டியதில்லை.

டெலிபோன் லைன் என்றதும் ஞாபகம் வருகிறது. 1995 ஆகஸ்ட் 15 அன்று அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்தபோது ஊர் இன்னும் மெட்ராஸ்தான், அடுத்த வருஷம்தான் சென்னை ஆயிற்று. அப்புறம் சில வருஷம் கழித்து எங்கள் வீட்டுக்கு 56 கிலோபிட் மோடம் வந்தது. எட்டால் வகுத்தால் 7 கிலோபைட், அதுவும் லைன் சுத்தமாக இருந்தால். 5 மெகாபைட் பாட்டு ஒன்று இறங்கப் பன்னிரண்டு நிமிஷம். நடுவில் யாராவது ரிசீவரைத் தூக்கினால் அறுந்துவிடும், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். 2023 ஜனவரியில்தான் பிராட்பேண்ட் என்று சொல்லிக்கொள்ளக் குறைந்தபட்சம் 2 மெகாபிட் வேண்டும் என்று அரசு வரம்பை உயர்த்தியது. அதற்கு முன் 512 கிலோபிட்டே போதும் என்றிருந்தது.

செப்டம்பர் 28

வைஃபை. இதைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது, ஏனென்றால் எனக்கு வருகிற புகார்களில் பெரும்பாலானவை இதுதான்.

போனில் தெரிகிற வைஃபை கோடுகள் போனுக்கும் பெட்டிக்கும் நடுவில் உள்ள பலத்தை மட்டும் காட்டுகின்றன. வெளியே லைன் செத்துக் கிடந்தாலும் கோடுகள் முழுசாக நிற்கும். “கோடு ஃபுல்லா இருக்கு, நெட் வரலை” என்றால் அது முதல் வழியின் சிக்கல். “ஹாலில் வருது, ரூமில் வரலை” என்றால் இரண்டாவது வழி.

வீட்டுப் பெட்டிகளில் பெரும்பாலும் அலை இரண்டு வகை, 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ். 2.4 தூரம் போகும், சுவரை ஓரளவு துளைக்கும், வேகம் குறைவு. 5இல் வேகம் அதிகம், ஆனால் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் இரண்டைத் தாண்டினால் மூச்சு வாங்கும். நம் ஊர் ஃப்ளாட்டுகளில் 2.4க்கு வேறு ஒரு தொல்லை. அதில் 13 சேனல், அதாவது அலை போகிற பாதை, இருந்தாலும் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் இருப்பவை 1, 6, 11 என்று மூன்றே. எங்கள் பில்டிங்கில் நின்று போனில் தேடினால் மேல் வீடு, கீழ் வீடு, எதிர் வீடு, பக்கத்து பில்டிங் என்று பட்டியல் இரண்டு திரை நீளத்துக்கு ஓடுகிறது. அத்தனையும் அந்த மூன்று இடத்துக்குள் முட்டி மோதுகின்றன. ஒரே சேனலில் ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டும், அதுதான் வைஃபையின் விதி. ராத்திரி எட்டு மணிக்கு மேல் 2.4 இழுப்பதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். பெட்டி இருக்கிற அறையிலும் பக்கத்து அறையிலும் 5ஐப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் போன் சில சமயம் 2.4லேயே ஒட்டிக்கொண்டு நகராது, அப்போது பெட்டியின் செட்டிங்கில் போய் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்துவிடலாம்.

அப்புறம், பெட்டியை எங்கே வைத்திருக்கிறீர்கள்? ஃபைபர் ஒயர் நுழைகிற மூலையில், டிவிக்குப் பின்னால், ஷோகேஸ் கண்ணாடிக் கதவுக்குள், அல்லது பரண் மேல் பித்தளைப் பாத்திரங்களுக்கு நடுவில். நான் பார்த்த வீடுகளில் இந்த நான்கில் ஒன்றுதான். இரும்பு பீரோ அலையை அப்படியே நிறுத்திவிடும். முகம் பார்க்கிற கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் உலோகப் பூச்சும் அப்படியே. தண்ணீர் 2.4ஐ நன்றாகக் குடிக்கும், ஆகவே மீன் தொட்டிக்கும் தண்ணீர் கேன் அடுக்கி வைத்த இடத்துக்கும் பக்கத்தில் வேண்டாம். ஹாலின் நடுப்பக்கச் சுவரில், ஆள் உயரத்துக்கு மேல், திறந்தபடி இருக்கட்டும். பார்க்க அழகாக இருக்காது என்று வீட்டில் சொல்வார்கள், சொல்லட்டும்.

செப்டம்பர் 29

“மெஷ் வாங்கச் சொல்லி எட்டாயிரம் ரூபாய் கேட்கிறார்கள், வாங்கலாமா” என்று கொளத்தூரிலிருந்து ஒரு தம்பி.

அவசரப்படாதீர்கள். வைஃபை எட்டாத அறைக்கு அதை எட்ட வைக்கிற சின்ன ரிப்பீட்டரிலிருந்து பெரிய மெஷ் வரை இதன் அடிப்படை ஒன்று: நடுவில் நிற்கிற பெட்டி முதல் பெட்டியிடமிருந்து அலையில் வாங்கி, உங்களுக்கு அலையிலேயே கொடுக்கிறது. இரண்டையும் ஒரே சேனலில் செய்தால் வேகம் பாதியாகும், ஏனென்றால் வாங்கும்போது கொடுக்க முடியாது. விலை அதிகமான மெஷ்ஷில் இதற்கென்று தனியாக ஓர் அலைவரிசை இருக்கும். ஆனால் பெட்டியிலிருந்து உள் அறைக்கு ஒரு லேன் கேபிள் இழுத்து, அங்கே பழைய ரூட்டர் ஒன்றை வைத்தால் அதைவிட நன்றாக வேலை செய்யும். கேட் 5இ என்கிற ரக லேன் கேபிளில் 1000 மெகாபிட் 100 மீட்டர் வரை போகும், எந்த ஃப்ளாட்டும் அவ்வளவு நீளம் இல்லை. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுப்பார்கள், முனைகளையும் அடித்துக் கொடுப்பார்கள். செம்பு கேபிள் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசியதும் அதே மாதிரி இருக்கும், விலை குறைவு, ஆனால் மடங்கினால் சீக்கிரம் முறியும்.

அக்டோபர் 13

பையன் கேம் ஆடும்போது “லேக் ஆகுது லேக் ஆகுது” என்று கத்துகிறான், 300 பிளான் போட்டும் அப்படியே இருக்கிறது என்று ஒரு அப்பா வருத்தப்பட்டிருக்கிறார்.

பிளானை ஏற்றினால் இது தீராது சார். ஒரு நொடிக்கு எவ்வளவு வருகிறது என்பது வேறு, கேட்டதற்குப் பதில் எவ்வளவு நேரத்தில் வருகிறது என்பது வேறு. மெட்ரோ வாட்டர் லாரி 9000 லிட்டர் கொண்டுவரும், ஆனால் புக் செய்து எவ்வளவு நேரத்தில் தெருவுக்குள் நுழைகிறது என்பது லிட்டர் கணக்கில் தெரியாது. அந்த நேரத்துக்குத்தான் பிங் என்று சொல்கிறார்கள், மில்லிசெகண்டில் அளப்பது.

ஃபைபருக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு 2002இல் போட்ட ஐ2ஐ கடலடிக் கேபிளின் நீளம் சுமார் 3200 கி.மீ. போய்த் திரும்ப 6400. ஆக, 32 மில்லிசெகண்டுக்குக் கீழே அந்த வழியில் யாராலும் வர முடியாது, எவ்வளவு பணம் கட்டினாலும். கேமை நடத்துகிற கம்ப்யூட்டரான சர்வர் சிங்கப்பூரில் இருந்தால் 35, 40 என்பது நல்ல பிங். மும்பையில் இருந்தால் இன்னும் குறையும். அமெரிக்காவில் இருந்தால் 200க்கு மேல்தான், அது உங்கள் கம்பெனியின் குற்றம் கிடையாது. சென்னை இந்த விஷயத்தில் அதிர்ஷ்டமான ஊர், கடலடிக் கேபிள்கள் கரையேறுகிற இடம். அந்தமானுக்குப் போகிற 2300 கி.மீ. கேபிளும் இங்கிருந்துதான் புறப்படுகிறது, 2020 ஆகஸ்டில் திறந்தது.

அக்டோபர் 14

நேற்று எழுதியதை ராத்திரி யோசித்தேன். பையனின் பிங் எப்போதுமே 150 என்றால் தூரம் காரணமாகலாம். 40 இருந்து திடீர் திடீரென்று 400 ஆகிறது என்றால் தூரம் காரணமில்லை. அந்த ஏற்ற இறக்கத்துக்கு ஜிட்டர் என்று பெயர், வீட்டிலேயே பெரும்பாலும் காரணம் கிடைக்கும். யாருடைய போனாவது அந்த நேரத்தில் நூற்றுக்கணக்கான கல்யாண போட்டோக்களை கிளவுடுக்கு ஏற்றிக்கொண்டிருக்கும். மேலே ஏற்றுகிற வழி நிரம்பிவிட்டால் பெட்டி எல்லாவற்றையும் வரிசையில் நிறுத்தும், கேமின் சின்னத் தகவலும் அந்த போட்டோக்களுக்குப் பின்னால் நின்றே போக வேண்டும். பெட்டியில் எதற்கு எவ்வளவு வழி விடலாம் என்று பிரிக்கிற கியூ.ஓ.எஸ். என்று ஒரு செட்டிங் இருந்தால் ஏற்றுகிற வேகத்துக்குக் கொஞ்சம் வரம்பு வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பேக்கப்பை ராத்திரி இரண்டு மணிக்கு வைத்துக்கொள்ளலாம். வைஃபையை விட்டுக் கேபிளுக்கு மாற்றினாலும் பாதி தீரும். வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர்களுக்கு மீட்டிங்கில் குரல் மட்டும் வெட்டி வெட்டிப் போவதற்கும் இதே காரணம்.

டிசம்பர் 2

சனிக்கிழமை ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தது. நமக்கு மழையும் காற்றும் போதுமான அளவு கிடைத்தது, எனக்கு நேற்றிலிருந்து ஒரே மாதிரி மெசேஜ்: சிவப்பு விளக்கு.

எல்.ஓ.எஸ். என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி உங்கள் பெட்டி வரை வந்து சேரவில்லை என்று அர்த்தம். பெட்டியை ஆஃப் செய்து ஆன் செய்வது, ரீசெட் ஓட்டையில் ஊசி விடுவது எதுவும் உதவாது. ரீசெட் செய்யவே செய்யாதீர்கள், உள்ளே கம்பெனி போட்டு வைத்த விவரம் அழிந்துவிட்டால் லைன் வந்த பிறகும் நெட் வராது. புகார் எண்ணுக்குப் போன் போட்டு “எல்.ஓ.எஸ். ரெட்” என்று இரண்டே வார்த்தை சொல்லுங்கள். “நெட் வரலை” என்று சொன்னால் அரை மணி நேரம் ரீஸ்டார்ட் செய்யச் சொல்வார்கள், இதைச் சொன்னால் நேராக ஒயர்காரருக்குப் போகும்.

அதற்கு முன் வீட்டுக்குள் பார்க்க ஒன்று உண்டு. மெல்லிய மஞ்சள் அல்லது வெள்ளை ஒயர், முனையில் பெரும்பாலும் பச்சை ஜாக், அது எங்கேயாவது மடங்கியிருக்கிறதா? ஃபைபருக்குள் இருப்பது முடி கனத்துக் கண்ணாடி இழை. ஆணியில் சுற்றி இறுக்கி மாட்டியிருந்தால் வளைவில் ஒளி வெளியே கசிந்துவிடும். சோஃபா காலுக்கு அடியில் சிக்கியிருந்தாலும் அப்படித்தான். ஒயரைத் தளர்த்திவிட்டால் சில வீடுகளில் விளக்கு பச்சைக்குத் திரும்பிவிடும். ஜாக்கின் நுனியைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்க்காதீர்கள், உள்ளே வருவது லேசர், கண்ணுக்குத் தெரியாது. விரலால் தொடவும் வேண்டாம், எண்ணெய்ப் பிசுக்கு ஒளியை மறைக்கும்.

டெக்னீஷியன் வந்தால் “பவர் எவ்வளவு தம்பி?” என்று கேளுங்கள். மைனஸில் ஓர் எண் சொல்வார், பெட்டிக்கு வந்து சேருகிற ஒளியின் பலம் அது. மைனஸ் 20ஐ ஒட்டி இருந்தால் நிம்மதி, மைனஸ் 27ஐ நெருங்கினால் இன்றைக்கு வேலை செய்தாலும் அடுத்த மழையில் நின்றுவிடும். அந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை வருகிறவரிடம் காட்டினால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

டிசம்பர் 3

பள்ளிக்கரணையில் ஒருவர்: “ஃபைபர்தான், ரூட்டருக்கு மினி யூ.பி.எஸ்.ஸும் இருக்கிறது. ஆனாலும் கரண்ட் போனதும் நெட் போகிறது. எதிர் வீட்டில் வேறு கம்பெனி, அவர்களுக்கு ஓடுகிறது.”

உங்கள் வீட்டுக்குள் நுழைவது ஃபைபரா, லேன் கேபிளா என்று பாருங்கள். வீடு வரைக்கும் ஃபைபர் என்றால் நடுவில் ஒளியைப் பல வீடுகளுக்குப் பிரிக்கிற ஸ்ப்ளிட்டருக்குக் கரண்ட்டே வேண்டாம். உங்கள் பெட்டிக்கும் அவர்கள் ஆபீஸுக்கும் மின்சாரம் இருந்தால் போதும். சில இடங்களில் ஃபைபர் மொட்டை மாடி வரைக்கும்தான் வரும், அங்கே ஒரு தகரப் பெட்டிக்குள் ஸ்விட்ச், அதிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் லேன் கேபிள் தொங்கும். விற்கும்போது அதையும் ஃபைபர் என்றே சொல்வார்கள். பில்டிங்கில் கரண்ட் போனால் மாடி ஸ்விட்ச் அணைந்துவிடும், உங்கள் யூ.பி.எஸ். அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. மழைக்காலத்துக்கு முன்னால் அந்தத் தகரப் பெட்டிக்கு ஒரு பேட்டரி வைக்கச் சொல்லி அசோசியேஷனில் பேசுங்கள், இல்லை லைனை மாற்றுங்கள்.

டிசம்பர் 8

வாட்ஸ்அப் மெசேஜ் போகிறது, பிரவுசரில் மட்டும் எந்தத் தளமும் திறக்கவில்லை என்றால் டி.என்.எஸ். தகராறாக இருக்கலாம். தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றிக் கொடுக்கிற சேவை அது, 1983இல் வந்தது. கம்பெனி வைத்திருக்கும் டி.என்.எஸ். படுத்துவிட்டால் லைன் உயிரோடு இருந்தும் பெயர்கள் கிடைக்காது. பெட்டியிலோ போனிலோ டி.என்.எஸ். என்ற இடத்தில் 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று மாற்றிப் பாருங்கள். முதலாவது கூகுளுடையது, 2009லிருந்து இருக்கிறது. மற்றது கிளவுட்ஃப்ளேருடையது, 2018. இதை மாற்றினால் டவுன்லோடு வேகம் இரண்டு மடங்காகும் என்று வீடியோக்களில் சொல்வது பொய். முகவரி கிடைக்கிற முதல் கணம் மட்டும்தான் மாறும்.

டிசம்பர் 15

“பெரியவர்கள் தனியாக இருக்கிறார்கள், வாசலில் கேமரா வைத்திருக்கிறோம், துபாயிலிருந்து பார்க்க முடியவில்லை. போர்ட் ஃபார்வர்டு எல்லாம் போட்டாயிற்று.” இதை எழுதியவரின் கவலை புரிகிறது, அதனால் விரிவாகவே சொல்கிறேன். போர்ட் ஃபார்வர்டு என்பது வெளியிலிருந்து வருகிறதைக் கேமராவிடம் அனுப்ப ரூட்டரில் திறந்து வைக்கிற கதவு.

நெட்டில் இருக்கிற ஒவ்வொன்றுக்கும் ஐ.பி. என்று ஓர் எண் முகவரி. ஐ.பி.வி4 என்கிற பழைய முறையில் மொத்தமே சுமார் 429 கோடி முகவரிகள்தான். உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்துவிட்டது. அதனால் வீட்டுக்குள் 192.168 என்று தொடங்குகிற உள் முகவரிகளை ரூட்டரே கொடுத்துவிட்டு, வெளியே எல்லாருக்குமாக ஒன்றை மட்டும் காட்டும். அதற்கு நாட் என்று பெயர். முகவரித் தட்டுப்பாட்டில் கம்பெனிகள் இதையே இன்னொரு மட்டத்தில் செய்கின்றன: பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே வெளி முகவரி. இது சி.ஜி.நாட். பெட்டியின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வேன் ஐ.பி., அதாவது பெட்டியின் வெளிப்பக்க முகவரி என்ற இடத்தைப் பாருங்கள். 100.64லிருந்து 100.127க்குள் தொடங்கினால் நீங்கள் அதற்குள் இருக்கிறீர்கள். 10 என்று தொடங்கினாலும் பெரும்பாலும் அதே கதை. உங்கள் ரூட்டரில் எத்தனை கதவு திறந்து வைத்தாலும் வெளிக்கதவு கம்பெனியின் கையில் இருக்கிறது.

வழி மூன்று. உங்களுக்கென்று மாறாத வெளி முகவரியான ஸ்டாட்டிக் ஐ.பி. வேண்டும் என்று கேட்டு அதற்குத் தனியாகப் பணம் கட்டலாம். கேமரா தயாரிப்பாளரின் ஆப் வழியாகப் பார்க்கலாம், அதில் கேமராவே வெளியே போய்த் தொடர்பு கொள்வதால் சி.ஜி.நாட் தடுக்காது. அல்லது புது முகவரி முறையான ஐ.பி.வி6 இரண்டு பக்கமும் இருந்தால் அதில் நேராகவே வரலாம், ஆனால் வெளியாட்களைத் தடுக்கிற ஃபயர்வால் விதியைக் கவனமாகப் போட வேண்டும். வயதானவர்கள் மட்டும் இருக்கிற வீட்டுக்கு ஆப்பையே சொல்வேன். கேமராவின் ஃபேக்டரி பாஸ்வேர்டை மாற்றிவிட்டு வையுங்கள்.

டிசம்பர் 15, இரவு

பாஸ்வேர்டு என்றதும் சொல்ல வேண்டியது. பெட்டியில் பாஸ்வேர்டு அடிக்காமல் வைஃபையில் சேர உதவுகிற டபிள்யூ.பி.எஸ். என்ற வசதி ஆன் ஆகியிருந்தால் அணைத்துவிடுங்கள். எட்டு இலக்க பின் எண்ணை அது இரண்டு பாதியாகச் சோதிப்பதால் அதிகபட்சம் 11,000 முயற்சிகளில் உடைத்துவிடலாம் என்று 2011 கடைசியிலேயே வெளியானது. உங்கள் வைஃபை பாஸ்வேர்டு எவ்வளவு நீளமாக இருந்தாலும் அந்தப் பின் வழி திறந்திருக்கும். பாதுகாப்பு வகையில் டபிள்யூ.பி.ஏ.2 அல்லது 3 இருக்கட்டும். வாடகைக்குக் குடி போகிற வீட்டில் பழைய பெட்டியை விட்டுப்போயிருந்தால் பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றுங்கள்.

டிசம்பர் 22

கொளத்தூர் தம்பி கேபிள் இழுத்துவிட்டார், பழைய ரூட்டரையும் வைத்துவிட்டார். “உள் அறையில் வைஃபை ஃபுல், ஆனால் சில சமயம் நெட் வருகிறது, சில சமயம் ஒன்றுமே வரவில்லை” என்கிறார்.

இரண்டு பெட்டியும் முகவரி கொடுத்துக்கொண்டிருக்கின்றன தம்பி. வீட்டுக்குள் யாருக்கு எந்த ஐ.பி. என்று பங்கிடுகிற வேலைக்கு டி.எச்.சி.பி. என்று பெயர், அதை ஒரு வீட்டில் ஒரு பெட்டிதான் செய்ய வேண்டும். உங்கள் போன் உள் அறைக்குப் போய்க் கேட்கும்போது எது முந்திப் பதில் சொல்கிறதோ அதன் முகவரியை வாங்கிக்கொள்கிறது. பழைய ரூட்டர் முந்திவிட்டால், வெளியே போகிற வழி நான்தான் என்று அது தன்னையே காட்டும், அதற்கு வெளி இணைப்பே கிடையாது. கம்பெனிப் பெட்டியின் முகவரி 192.168.1.1 என்றால் இப்படிச் செய்யுங்கள். பழைய ரூட்டரை லேப்டாப்போடு மட்டும் சேர்த்து உள்ளே நுழையுங்கள். அதன் லேன் முகவரியை 192.168.1.2 ஆக மாற்றுங்கள், கம்பெனிப் பெட்டி பங்கிடுகிற எண் வரிசைக்குள் அது வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். டி.எச்.சி.பி.யை ஆஃப் செய்யுங்கள். அப்புறம் ஹாலிலிருந்து வருகிற கேபிளை அதன் வேன் ஓட்டையில் செருகாமல் நான்கு லேன் ஓட்டைகளில் ஒன்றில் செருகுங்கள். வைஃபைக்கு ஹாலில் உள்ள அதே பெயர், அதே பாஸ்வேர்டு, சேனல் மட்டும் வேறு: அங்கே 1 என்றால் இங்கே 11. போனில் வைஃபையை ஒருமுறை அணைத்துப் போட்டால் புது முகவரி வாங்கிக்கொள்ளும்.